கசப்புத் தண்ணீர்

12-3-1974, செவ்வாய். மரக்காணம்.

இன்று ஏழாம் வகுப்பில் உப்புப் பாடம். பாத்தியில் கடல்நீர் முழுவதும் வற்றினால் உப்பு கிடைக்கும் என்று புத்தகத்தில் இருந்தபடியே கரும்பலகையில் எழுதினேன். வழக்கம்போல் "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது சார்!" என்று கூரை அதிர்ந்தது. புரியாவிட்டாலும் அதே சத்தம்தான் வரும். பத்தொன்பது வருடமாக அதை நம்பித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அஞ்சலை மட்டும் எழுந்தாள். ஜூனிலிருந்து வாயே திறக்காத பெண். "முழுசா வத்த உட மாட்டாங்க சார். கடைசித் தண்ணிய வெளிய உட்டுடுவாங்க. இல்லாட்டி உப்பு கசக்கும்."

என் நாக்கு சும்மா இருக்குமா? "டேய், உப்பள முதலாளியம்மா பேசறாங்க, கைகட்டிக் கேளுங்கடா!" என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் சைக்கிளில் உப்பளம் வழியாக வந்தேன். அவள் அம்மா உப்பு வாரிக்கொண்டிருந்தார். மீதித் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. விரலை நனைத்து நக்கிப் பார்த்தேன். வேப்பங்காய் தோற்றது.

"சார், பொண்ணு இனிமே ஸ்கூலுக்குப் போவலன்னு சொல்லுது. நாளைலேர்ந்து என்கூட இங்க இட்டுக்கினு வந்துடறேன்."

"வேணாம்மா, அனுப்பி வையுங்க. தப்பு என்னுதுதான். நாளைக்கு அவதான் எனக்குப் பாடம் நடத்தணும்."

அந்த அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்களுக்கு எப்பவும் தமாஷ்தான் சார்."

நான் தமாஷ் பண்ணவில்லை. விடிந்ததும் மறுபடி உப்பளத்துக்குப் போய் அஞ்சலையிடமே இதைச் சொல்ல வேண்டும்.