உள்பக்கத் தாழ்ப்பாள்

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்பளவில் சுகம், மனசுக்கு அந்தக் கணக்கு செல்லாது. நீயும் உன் மனைவியும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன் தங்கை, நம் சின்னவள், வாயைத் திறந்துவிட்டாள். போனில் சொல்லியிருப்பேன், அவள் காதுபட அவளைப் பற்றிப் பேசிப் பேசியே இந்த வீடு பாழாய்ப் போனது, அதனால் எழுதுகிறேன். விடுதியில் அந்த வார்டன் அவளைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டியதிலிருந்து, வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் மாடி அறையைத் தாழிட்டுக்கொண்டு ஒரு சொல் பேசாமல் கிடந்தாள் அல்லவா, உள்ளே என்ன செய்துகொள்வாளோ என்று பயந்து நானே ஸ்க்ரூ டிரைவரோடு போய்த் தாழ்ப்பாளைக் கழற்றினேன். அதன்பின் அவள் சாப்பாடும் பாதியாயிற்று. பூட்டு விற்கிறவனுக்குக் கதவைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

போன வாரம் பட்டப்பகலில் கடைக்கு வந்து நின்றாள். ஒரு வாடிக்கைக்காரரிடம் பெரிய பூட்டைக் காட்டி, சுத்தியலால் அடித்தாலும் அசையாது என்று வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். "உண்மைதான் சார், உள்ளேருந்து நான் எவ்வளவோ இடிச்சுப் பாத்தேன், அசையல. எங்க விடுதியிலயும் இதே பூட்டுதான், நம்ம கடை ஸ்டிக்கரைக்கூட அவங்க கிழிக்கல" என்றாள். குரல் துருப்பிடித்த சாவி மாதிரி கரகரத்தது. வந்தவர் வாங்காமலே போய்விட்டார். விடுதிக்கு மொத்தமாகப் பூட்டு கொடுத்தது நாம்தானே, அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். "அழாதீங்கப்பா, வியாபாரம் கெடும். எனக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும், உள்பக்கம் போடுறது" என்று சொல்லி, பளபளக்கும் பித்தளையை ஒதுக்கிவிட்டு இரும்பில் ஒன்றை எடுத்தாள். வீட்டுக்கு வந்து அதைப் பொருத்தப் போனபோது, வேண்டவே வேண்டாம் என்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தட்டினா திறப்பேன்மா. ஆனா தட்டணும்" என்றாள். போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நாம் புகார் கொடுத்த நாளிலிருந்து அந்த வார்டன் சமாதானம் பேச ஆள்மேல் ஆளாக அனுப்புகிறாள். நீயும், பொண்ணு பேர் கெடும், புகாரை வாபஸ் வாங்கிட்டு இங்க அனுப்புங்க என்றாய். பாசத்தில்தான் சொன்னாய், இருந்தாலும் அதுவும் வெளியிலிருந்து போடுகிற பூட்டுதான்டா. விசாரணையில் அவளுக்காக நான் பேசுவதாக இருந்தேன். "நீங்க பேசினா பேரமாயிடும்பா, நானே சொல்லிக்கறேன்" என்கிறாள். வியாழக்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பொம்பளை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். இவள் சொல்லி முடிப்பாளா, பாதியில் எழுந்து வந்துவிடுவாளா, எனக்குத் தெரியவில்லை.

போன் செய்தால் வாபஸ் பேச்சை எடுக்காதே. எதையாவது கேள், கேட்டுவிட்டுப் பொறுத்திரு. அவளுக்குப் பதில் வர நேரமாகும், லைன் அறுந்துபோச்சு என்று வைத்துவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நன்றாக வாழ அப்பா அம்மாவின் ஆசிகள். மாடியில் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கிறது. இனி எனக்கும் தூக்கம் வரும்.

இப்படிக்கு,
அப்பா