கொக்குக்குக் கொடுத்த நடை

மரியாதைக்குரிய மாமாவுக்கு, உங்கள் மச்சினன் வணக்கத்தோடு எழுதுவது.

நான் சுகம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் முடிகிற பேச்சுக்குக் கடிதம் எதற்கு என்று அக்கா கேட்பாள். போனில் உங்கள் குரலைக் கேட்டதும் என் வாயில் பொய்தான் முதலில் வருகிறது. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் கையெழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவைப் படிக்கச் சொல்லாமல் நீங்களே படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் படத்துக்கு எட்டு டிக்கெட் எடுத்தாயிற்று என்றாள் அக்கா. எதிர்வீட்டு வாத்தியார் குடும்பமும் வருகிறதாம். மச்சினன் படம், வந்து பாருங்கள் என்று தெருவில் ஒருத்தரையும் நீங்கள் விடவில்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

இந்தப் பொம்மைப் படம் ஒருத்தர் வேலை இல்லை மாமா. எங்கள் ஆபீசில் முடி மட்டும் வரைகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. தண்ணீருக்கென்று ஒரு அம்மா. மழை, கண்ணீர், குழாய்ச் சொட்டு எல்லாம் அவர் கைதான். முன்பு கணக்கு டீச்சராம். என் பக்கத்து நாற்காலிக்காரர் பத்து வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர், இப்போது அவருக்குப் பறவைகளின் கண். நான் கடைகளுக்கு போர்டு எழுதினேன், சினிமா செட்டில் அட்டையைச் செங்கல் சுவராக்கினேன், கடைசியில் நடைக்கு வந்து சேர்ந்தேன். யானையோ எறும்போ, எது நடந்தாலும் நான்தான் நடக்க வைக்க வேண்டும். பாருங்கள், எதை எழுத உட்கார்ந்தேன், எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

படத்தில் மீன் திருடுகிற ஒரு கொக்கு வருகிறது. அதற்கு நான் போட்டுக் காட்டிய பதினோரு நடையையும் டைரக்டர் தள்ளிவிட்டார். கொக்கு நடக்கிறது, அதில் ஆளைக் காணோமே என்றார். வேலையை வேறு ஒருத்தருக்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு. அந்த நேரத்தில்தான் போன வருஷம் உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் நடங்க மாமா, தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டுறேன்" என்றேன். நீங்கள் மறுபேச்சு பேசவில்லை. கேட்டிலிருந்து குழாயடி வரை மூன்று முறை நடந்தீர்கள். பக்கவாதம் வந்த காலைத் தொடையில் இரண்டு தட்டு தட்டி எழுப்பிவிட்டு, பிறகுதானே இழுத்து வைப்பீர்கள். அது சரியாகத் தெரிய வேண்டும் என்று பக்கவாட்டில் திரும்பி இன்னொரு தடவையும் நடந்தீர்கள். "டாக்டருக்குத் தெளிவாத் தெரியணும்ல" என்றீர்கள்.

டாக்டர் யாரும் இல்லை மாமா.

கொக்குதான் இருந்தது. நீங்கள் கையால் தட்டியதை அது சிறகால் தட்டுகிறது. காலை இழுப்பதும் நின்று மூச்சு வாங்குவதும் அப்படியே உங்களுடையது. டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கே பிடித்தாய் என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தர் என்றேன். என் அக்கா புருஷன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அந்த நடைக்காகத்தான் என்னை நடைப் பிரிவுக்குத் தலைவனாக்கினார்கள். அந்தச் சேதிக்கு என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் நீங்கள். அதே மூச்சில், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். வெளியூர் போயிருக்கிறார் என்றேன். அடுத்த மாதம் கேட்டபோது, பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அதற்கு அடுத்த மாதம் நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சங்கடம் என்று விட்டுவிட்டீர்கள், எனக்குத் தெரியும்.

போன வாரம் குழந்தைகளைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினோம். கொக்கு வரும்போதெல்லாம் தியேட்டர் அதிர்ந்தது. முடிந்து போகும்போது படிக்கட்டில் ஏழெட்டுக் குழந்தைகள் தொடையைத் தட்டித் தட்டிக் காலை இழுத்துக்கொண்டு இறங்கின. பெற்றவர்களும் சிரித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நம் சின்னவளுக்கு இருட்டில்கூட உங்கள் நடை தெரியும். வாத்தியார் குடும்பத்துக்கு நடுவில் உட்கார்ந்து, அப்பா மாதிரி நடக்குது என்று அவள் உரக்கச் சொல்லிவிடுவாள்.

டைரக்டரிடம் உண்மையைச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். படம் ஊரெல்லாம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். "அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. தெரியாமல் போய் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் வருகிறேன். அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த இடத்தில், கதவைத் திறக்க நீங்கள் எழுந்து வர வேண்டாம் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். உங்கள் கால் வலிக்கும் என்று எழுதியது இல்லை அது. நீங்கள் நடந்து வருவதை நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் எழுதியது. நான் பார்க்கிறேனே என்று காலை ஒளித்து வைக்காதீர்கள் மாமா. எப்போதும் போலத் தட்டி, எப்போதும் போல நடந்து வந்து கதவைத் திறங்கள். நான் தலையைத் திருப்ப மாட்டேன். உள்ளே விடுவதும் விடாததும் அப்புறம் உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
முகம் காட்டக் கூசுகிற
உங்கள் மச்சினன்