லேடீஸ் சீட்டிலிருந்து கிருஷ்ணகிரி டேம்

18.5.25, ஞாயிறு
வீட்டுக்காரர் மவுத்தாகி, நான் வீட்டோடு இருந்த இத்தா முடிந்து எட்டு நாள். மகள் சுஹைனா, "வாசல் வரைக்குமாச்சும் வாம்மா" என்கிறாள். போகவில்லை. வெளியே போய் எதைப் பார்க்க?

2.6.25
அவர் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். பாகலூரிலிருந்து கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு இருபது வருடம் ஏற்காடு போனார். என்னை ஒரு தடவைகூட ஏற்றவில்லை, அந்த மனுஷன். திரும்பி வந்து கதை மட்டும் சொல்வார். ஏரி கடல் மாதிரியாம். லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் நின்றால் கிருஷ்ணகிரி டேமே தெரியுமாம். அவர் பார்த்ததை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும். அது போதும். சுஹைனாவிடம் சொன்னேன். உடனே வேன் பேசிவிட்டாள்.

15.6.25, ஞாயிறு
ஏற்காடு. வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடலாம்! இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் சுண்டல் விற்கிறவர் தெரிகிறார். லேடீஸ் சீட்டில் தெரிவது சேலம். டேமும் இல்லை, ஒன்றும் இல்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் பஜ்ஜி போடும் ஜோதியம்மாளிடம் சுஹைனா போனில் இருந்த போட்டோவைக் காட்டினாள்.

"அட, காஜா அண்ணன்! எங்க இந்த வருசம் ஆளையே காணோம்?"

சொன்னோம். அந்தம்மா கரண்டியை வைத்துவிட்டாள். அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னாள்: "வண்டிய வுட்டு எறங்கவே மாட்டாருக்கா. சனங்க பையெல்லாம் உள்ள கெடக்கும், கொரங்கு தூக்கிட்டுப் போயிடும்னு காவலு. வந்தவங்களத்தான் என்ன பாத்தீங்கன்னு கேட்டுக்குவாரு."

இருபது வருசமா ஒண்ணுமே பாக்கலியா? அப்போ எனக்குச் சொன்னதெல்லாம்? பொய்யா... பொய்க்காரா. எறங்கிப் பாத்திருக்கக் கூடாதாய்யா? நான் எதைப் பாக்க வந்தேன் இப்போ?

16.6.25
நேற்று மிச்சத்தை எழுதவில்லை.

அழுது முடித்து நிமிர்ந்தால், எங்கள் டிரைவர் வெங்கடப்பன் வெளியே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

"அண்ணா, நீங்க ஏரியில போட்டுல போயிருக்கீங்களா?" என்றேன்.

"எங்கம்மா... பதினோரு வருசமா வரேன். வண்டிய யார் பாக்கறது?"

"நான் பாக்கறேன். போங்க."

"அய்யோ, ஓனருக்குத் தெரிஞ்சா..."

"நானும் டிரைவர் பொண்டாட்டிதான். போங்கண்ணா!"

சுஹைனா அவரை இழுத்துக்கொண்டு போனாள். நான் முன்னால் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சாய்ந்து பார்த்தேன். கண்ணாடி வழியே ஒரு மரம், பஜ்ஜிக் கடை, பக்கத்து வண்டியின் பின்பக்கம். ஏரி தெரியவில்லை. இதுதான் அவர் பார்த்த ஏற்காடு. இதை வைத்தா கடல் கட்டினார்?

ஜன்னலில் ஒரு குரங்கு வந்து தொங்கியது. "போடா, ஆள் இருக்குது!" என்றேன். அது பல்லைக் காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

22.6.25
சுஹைனா அடுத்து கொடைக்கானல் என்கிறாள். சரி என்றேன். போட்டுக்கு டிரைவரையும் சேர்த்து டிக்கெட் எடு என்றேன்.