என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தோழிக்காக

ஆகஸ்ட் 28

அன்புள்ள வாலு,

சுகமாய் வந்து சேர்ந்தேன். நூலகம் பெரிது, எனக்குக் கொடுத்த அறை சின்னது, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். போனில் பேசினால் நீ என்னை வாய் திறக்க விடமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

என் இசை வகுப்பு, சேப்பல் ஆர்கன், பாட்டுக்குழு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள என் இடத்துக்கு ஒரு வருஷம் நீ வருகிறாய் என்றதும்தான் டீன் என் ஆராய்ச்சி விடுப்புக்கே தலையாட்டினார். அதற்கு நன்றி. இப்போது காதைக் கொடு. லுத்தரன் பல்கலைக்கழகம் என்று போர்டுதான் பெரிது. நாம் படித்த காலத்து ஹாஸ்டலில் இதைவிட ஆள் அதிகம். ஒருவர் தும்மினால் மதியத்துக்குள் எல்லாரும் நலம் விசாரிப்பார்கள். தினமும் இரண்டாம் வகுப்பு முடிந்ததும் மொத்தப் பேரும் ஜெபத்துக்குச் சேப்பலுக்கு வருவார்கள். அவரவருக்கு ஓர் இடம் உண்டு. தூணோரம் கணக்கு வாத்தியாருடையது, தெரியாமல்கூட அங்கே பையை வைத்துவிடாதே.

பாட்டுக்குழுவில் கெமிஸ்ட்ரிக்காரர் கட்டைக்குரல், எப்போதும் ஓர் அடி முந்துவார். ஒரு முறை முறைத்தால் போதும். பாட்டை இழுக்காதே. ஆர்கன் பெஞ்சை மட்டும் இறக்கிக்கொள், உனக்குக் கால் எட்டாது. வேறு எதையும் மாற்றாதே. நான் திரும்பி வரும்போது எல்லாம் வைத்த இடத்தில் இருக்க வேண்டும்.

உன்
நெட்டைக்கொக்கு

செப்டம்பர் 30

என் அருமை நெட்டைக்கொக்கே,

பெஞ்சை இறக்கிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், என் குணம் உனக்குத் தெரியாதா!

போன வாரம் கடைசிச் சரணத்துக்கு ஆர்கனை நிறுத்திவிட்டேன். வேண்டுமென்றுதான். ஒரு நொடி எல்லாரும் முழித்தார்கள். அப்புறம் பாடினார்கள் பார், கூரை தூக்கிக்கொண்டு போய்விடும்போல இருந்தது. மறுநாளே கேன்டீன் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "நானும் பாட்டுக்குழுவுல சேரலாமாம்மா? இல்ல, படிச்சவங்களுக்கு மட்டுந்தானா?" என்றாள். அவள் பின்னாலேயே ஆபீஸிலிருந்து இரண்டு பேர். இப்போது நிற்க இடமில்லை.

கெமிஸ்ட்ரிக்காரரிடம், "சார், நீங்க முந்துறீங்க" என்றேன். மனுஷர் அசந்துபோய், "அப்பிடியா? இத்தனை வருஷமா அவங்க என்னை முறைச்சிட்டே இருந்தாங்க. என் மேல என்ன கோவம்னு தெரியாமலே பாடிட்டிருந்தேன்!" என்றார். இப்போது சரியாகப் பாடுகிறார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, உனக்கும் வரும் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. நூலகத்தில் தூங்காதே.

உன்
வாலு

அக்டோபர் 24

அன்புள்ள வாலு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாணவர்கள் ஓர் அட்டை அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு வரி. அத்தனை வரியிலும் நீ. "அக்கா இப்படிச் சொல்லித் தந்தாங்க, அக்கா அப்படிச் சிரிக்க வெச்சாங்க." என்னை அவர்கள் மேடம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூப்பிட்டதில்லை. நீ போன மறுமாதமே அக்காவாகிவிட்டாய். நல்லது, நன்றாக இரு.

ஆர்கனை நிறுத்திவிட்டுப் பாட வைப்பது பெரிய வித்தையா? நான் வாசித்தபோது பாட்டுக்குழுவுக்கு வராத கூட்டம் நான் இல்லாதபோது வருகிறது என்றால், இத்தனை வருஷம் நான் அங்கே என்னத்தைக் கிழித்தேன்? சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. இங்கே பழைய சுவடிகளை விரித்து வைத்துக்கொண்டு உன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் பெஞ்சில்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டீன் உன்னிடம் ஏதாவது பேசினாரா? மறைக்காதே.

நெட்டைக்கொக்கு

நவம்பர் 19

நெட்டைக்கொக்கே,

நீ கேட்டதற்குப் பதில் கடைசியில். முதலில் நேற்று காலை நடந்ததைக் கேள்.

நம் போதகருக்குக் காய்ச்சல். அவர் பேருக்கு வரும் ஜெப விண்ணப்பங்களை வழக்கம்போல ஆபீஸ் அம்மா பிரித்து, எழுதியவர்களின் பேர்களை மட்டும் நீக்கிவிட்டு, சேப்பலில் வாசித்தாள். அவள் குரல்தான் உனக்குத் தெரியுமே, மைக்கே வேண்டாம். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்குப் பரீட்சை. அடுத்தது இது:

"என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் தோழிக்காக ஜெபியுங்கள். அவள் நன்றாக வாசிக்கிறாள், அது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் ஒரு நாளாவது எல்லார் முன்னாலும் தப்பாக வாசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இந்தப் பொறாமையை என்னிடமிருந்து எடுத்துப்போடும்படி."

வாசித்து முடித்ததும், எப்போதும் சொல்வதுபோல எல்லாரும் சேர்ந்து, "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேளும்" என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்தத் தோழி யார் என்று உறைத்தது. எனக்கு மட்டுமா? அத்தனை தலையும் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. ஆபீஸ் அம்மா கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள், பாவம். அடுத்து நான் வாசிக்க வேண்டும். வாசித்தேன். முதல் வரியே தப்பு. உன் ஆசை நிறைவேறிவிட்டது.

இப்போது டீன் விஷயம். போன மாதமே கூப்பிட்டுச் சொன்னார். வகுப்பும் ஆர்கனும் உனக்கு, பாட்டுக்குழு நிரந்தரமாக எனக்கு, இருந்துவிடுகிறாயா என்று. "இல்ல சார், அது அவ வளர்த்த குழு. வந்தா அவகிட்டதான் இருக்கணும்"னு சொல்லிவிட்டேன். நீ கலங்குவாய் என்றுதான் உனக்குச் சொல்லவில்லை. எனக்கு வேறு வேலை ஒன்றும் காத்துக்கொண்டில்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும்தான் வேண்டாம் என்றேன்.

நேற்று சேப்பல் முடிந்ததும் நேராக டீன் அறைக்குப் போய், சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். செய்யாததற்கு ஊரறிய ஏச்சு வாங்கியாயிற்று. இனி செய்துவிட்டே வாங்கிக்கொள்கிறேன். கோபம் இல்லை என்று எழுத வந்தேன். இருக்கிறதடி, நிறைய இருக்கிறது.

வாலு

டிசம்பர் 15

அன்புள்ள வாலு,

போதகர் மட்டும் படிக்க எழுதியதை எங்கும் "ரகசியம்" என்று போடாமல் அனுப்பினேன். அங்கே இத்தனை வருஷம் இருந்தவள் செய்கிற வேலையா இது? ஆபீஸ் அம்மா மேல் தப்பில்லை. அவளுக்கு எழுதிவிட்டேன், அழுதுகொண்டிருக்கிறாளாம்.

கணக்கு வாத்தியார் எனக்கு எழுதியிருக்கிறார், நம்புவாயா? "உங்களுக்காக ஜெபிக்கிறேன். எனக்கும் பிசிக்ஸ்காரர் மேல் ரொம்ப நாளாக இப்படித்தான். யாரிடமும் சொன்னதில்லை" என்று. சிரித்தேன். பிறகு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ வேண்டாம் என்று சொன்னதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. அடுத்த வரியிலேயே சரி என்று சொன்னதைப் படித்தபோது மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. என்னை என்ன செய்ய? நம் சேப்பல் முழுக்கச் சேர்ந்து சொன்ன ஜெபம், இன்னும் எனக்குப் பலிக்கவில்லை.

டீனுக்கு இன்று எழுதிவிட்டேன். குழு உன்னிடமே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று. "ஆட்சேபணை இல்லை" என்று எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் எழுதினேன். வாபஸ் வாங்க மாட்டேன்.

ஒரு விண்ணப்பம், இது உனக்கு மட்டும். இத்தனை வருஷம் வாசித்தேன், முறைத்தேன், கையசைத்தேன். அந்தச் சேப்பலில் ஒரு நாளும் வாய் திறந்து பாடியதில்லை. நான் வாசிக்காத நாட்களில் உன் குழுவில் தாழ்குரல் பெண்களோடு ஆல்ட்டோ பக்கம் நிற்கலாமா? எல்லாருக்கும் செய்வதுபோல எனக்கும் குரல் பார். பழக்கத்துக்காகச் சேர்க்காதே. தேறவில்லை என்றால் கெமிஸ்ட்ரிக்காரரிடம் சொன்னதுபோல முகத்துக்கு நேரே சொல்லிவிடு.

இன்னும் பொறாமை தீராத,
உன்
நெட்டைக்கொக்கு