சிப்பி ஒட்டிய பீட்ரூட்

மச்சி, உன் நீல வாளியின் அடியில் இன்னும் சிப்பித் துண்டுகள் கிடக்கின்றன. காலையில் சந்தையிலிருந்து வந்த நான் அதை இன்னும் கழுவவில்லை.

நீ மவுத்தாகி, உன்னை அடக்கி இரண்டு நோன்பு மாதம் போய்விட்டது. குறிஞ்சிப்பிட்டியில் நாம் தொடங்கிய சனிச் சந்தையில் விளைவித்தவர் தவிர யாரும் விற்கக் கூடாது என்று சண்டை பிடித்து நின்றவள் நீ. லொறிக்காரன் மூட்டைக்கு மூட்டை கழிவென்று எடையைக் குறைத்து வெட்டிய காலத்தில், நம் வெங்காயத்துக்கு நாமே விலை சொன்ன இடம் அது. யாராவது சந்தேகப்பட்டால் வாளித் தண்ணீரில் ஒரு கிழங்கைப் போட்டுத் தேய்ப்பாய். “கழுவினா தெரியும், கதை வேணாம்” என்பாய். நம் தோட்டத்து மணல் தண்ணீர் பட்டதும் உதிர்ந்துவிடும். மலைநாட்டுக் கறுப்பு மண் பிடித்த பிடியை விடாது.

இப்போது பெயர்ப்பலகை மட்டும்தான் நம்முடையது. இன்று ஒரு கடை முதலாளி, தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து லொறியில் வந்த மலைநாட்டுப் பீட்ரூட்டை மணலில் புரட்டி மேசையில் அடுக்கி, “ஊர்த் தோட்டத்துச் சாமான், இப்பதான் புடுங்கின” என்று கூவினான். சனம் அவனைச் சூழ்ந்து நின்றது. நான் விளைவித்தது என் பாயில் கிடந்து வாடியது.

சந்தைத் தலைவரிடம் போனேன். உன் ஜனாஸாவில் தேம்பி அழுத அதே மனிதர்.

“சந்தை நடக்கோணுமே தாத்தா. மேச காலியா ஈந்தா ஆக்கள் வருவாங்களா? கண்டும் காணாத மாதிரி ஈங்க” என்றார். அக்கா முறை வைத்துத் தாத்தா என்று குழைவதற்கு மட்டும் குறைவில்லை.

தூ! இந்த வாய்தான் மேடை கிடைத்தால் சின்ன விவசாயிக்காக உருகுகிறது.

வாளியை முதலாளியின் மேசைக்கு முன்னால் வைத்து, அவன் பீட்ரூட் ஒன்றை எடுத்துத் தேய்த்தேன். மணல் போனது, உள்ளே கறுப்பு மண் அப்பிக் கிடந்தது. அதைவிடக் கேவலம், வாளியின் அடியில் சிப்பித் துண்டுகள். ஏமாற்றக்கூடத் தோட்டம் வரை நடக்காமல் கடற்கரையிலேயே புரட்டியிருக்கிறான், சோம்பேறி!

“எந்தத் தோட்டத்துல மொதலாளி சிப்பி வெளயுது?” என்று கேட்டேன்.

உடப்புக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்த பெண் சொன்னாள்: “அது எங்கட கடல்ல வெளையிறது அக்கா.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சிலர் அவனிடமே வாங்கவும் செய்தார்கள், விலை குறைவாம். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பு.

அடுத்த சனி வாளி கொண்டுவர வேண்டாம் என்று தலைவர் சொல்லியனுப்பியிருக்கிறார். பீட்ரூட் கொண்டு போகிறேனோ இல்லையோ, உன் வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போவேன் மச்சி.