கையெழுத்துக்கு முன் பத்து நிமிடம்

ஜனவரி 20, திங்கள்

பூந்தமல்லியில் பஸ் மாறியதும் உட்கார இடம் கிடைத்தது. நல்ல நாள் என்று நினைத்தேன். ஒன்பதரைக்கே குவாலிட்டி மேனேஜர் தினகரன் சார் கூப்பிட்டார்.

"வேலை சுத்தமா இருக்கு ஹேமாவதி. ஆனா பேசவே மாட்டேங்கறீங்களே. கஸ்டமர் வந்து கேள்வி கேட்டா தலையை ஆட்டுவீங்களா?"

தலையை ஆட்டினேன்.

மார்ச் 31-ல் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று கேட்க வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, பி.ஏ. ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு திருமழிசையில் லாரி சீட் பிராக்கெட் செய்யும் கம்பெனியில் தட்டச்சு செய்கிறேன். இரண்டு ஷிப்ட் சூப்பர்வைசர்கள், வரதன் அண்ணனும் ரசாக் பாயும், ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் அறிக்கைகளைக் கஸ்டமரின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எழுதியிருப்பது எழுதியபடி.

இன்று வரதன் அண்ணன், "ஆபரேட்டர் வொர்க்டு ஹார்ட்லி" என்று எழுதியிருந்தார். பையன் கடுமையாக உழைத்தான் என்று பாராட்ட வந்திருக்கிறார். அவன் வேலையே செய்யவில்லை என்று ஆகிவிட்டது. விரல் நின்றது. அந்த 'லி'யை விட்டுவிட்டு அடித்தேன்.

யாருக்கும் தெரியாது. உள்ளே ஜில்லென்று இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

இன்று நான்கு. 'ஸ்மூத்' என்று ஓடிய மெஷினை 'ஸ்மூத்லி' ஆக்கினேன். லேட்லி வந்த லாரி லேட்டாக வந்தது. 'மோர் பெட்டர்' வெறும் பெட்டர் ஆனது. பெயின்ட் 'லுக்ஸ் பேட்லி' - பார்க்கும் வேலையையா பெயின்ட் மோசமாகச் செய்தது? 'பேட்' போதும்.

ஜனவரி 31, வெள்ளி

கஸ்டமரிடமிருந்து மெயில். சமீபத்திய அறிக்கைகள் மிகத் தெளிவாக இருக்கின்றனவாம். தினகரன் சார் அதை அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

வரதன் அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "பாத்தியா பாய், பத்தாவது படிச்சவன் இங்கிலீஷு! படிச்சுட்டு கஸ்டமரே மெர்சலாயிட்டான்."

"அப்ப இன்னா நைனா, லண்டன்ல ஊடு பாத்துரலாமா?" என்றார் ரசாக் பாய்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எழுதவே கை வரமாட்டேங்குது.

கஸ்டமர் பக்கத்திலிருந்து தரம் சோதிக்கும் ஆடிட்டர் வந்தார். கிருஷ்ணப்பிரியா மேடம். குரலை உயர்த்துவதில்லை. அதுதான் பயம். வரதன் அண்ணன் எழுதிய பதினொரு அறிக்கைகளை ஃபைலிலிருந்து உருவி மேசையில் பரப்பினார். பக்கத்தில் கம்ப்யூட்டர். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்றுகூட அப்படியே ஒத்துப்போகவில்லை.

வரதன் அண்ணனை வரவழைத்து, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஆனா டிவியில கீறது நான் எழுதினது இல்லீங்களே."

அவர் கம்ப்யூட்டரை டிவி என்றதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"கையெழுத்து போட்ட பிறகு யாரோ மாத்தியிருக்காங்க. வார்த்தையை மாத்தறவங்க எண்ணை மாத்த மாட்டாங்கன்னு நான் எப்படி நம்பறது?"

இங்கே ஒரு முறை உண்டு. தாளில் தப்பு வந்தால் பழையது தெரியும்படி ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, அடித்தவரே கையெழுத்து வைக்க வேண்டும். வொயிட்னர் கம்பெனி கேட்டுக்குள்ளேயே வரக்கூடாது. எனக்கும் தெரியும். அளவுகளுக்கும் எண்ணிக்கைகளுக்கும்தான் அது என்று நினைத்தேன். ஒரு 'லி'க்கும் அதே சட்டம் என்று ஏன் தோன்றவில்லை?

ஃபைலைக் கட்டிக்கொண்டு கதவோரம்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. கையெழுத்திட்டவர்தான் பொறுப்பு, விசாரணை முடியும்வரை வரதன் அண்ணன் ஷிப்ட் பொறுப்பில் இருக்க வேண்டாம் என்று தினகரன் சார் சொன்னபோதும் திறக்கவில்லை. பத்தொன்பது வருஷ சர்வீஸ். அவர் பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டேன். சோறு தின்னேன். என்ன ஜென்மம் நான்?

பிப்ரவரி 12, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் மீட்டிங் அறைக்குள் நானே போனேன். மேடம், தினகரன் சார், வரதன் அண்ணன். "நான்தான் மாத்தினேன்" என்றேன். கேட்கவில்லை போல, மூவரும் என்னையே பார்த்தார்கள். மறுபடி சொன்னேன். இந்த முறை வெளியே வெல்டிங் வரைக்கும் கேட்டிருக்கும்.

வரதன் அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "ஏம்மா, தப்பா இருந்தா என்னாண்ட வந்து சொல்றதுதானே? ஒட்டுன மெயிலப் பாத்து டீ வேற வாங்கித் தந்தேனேம்மா" என்றார். கத்தியிருக்கலாம்.

மேடம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் ஏற்றிய நாற்பத்தாறு அறிக்கைகளின் எண்களையும் சரிபார்த்தார். மாலை ஐந்து மணி ஆனது. ஒரு எண்கூட மாறவில்லை. வரதன் அண்ணனுக்குப் பேட்ஜ் திரும்பக் கிடைத்தது.

ஆனால் ஆடிட்டில் எழுதிய குறை குறைதான். முப்பது நாளில் சரிசெய்து காட்ட வேண்டும்.

"குறையை உண்டாக்கினது நீங்க. வழியும் நீங்களே சொல்லுங்க" என்றார் தினகரன் சார். "அது நடந்தா உங்க வேலையைப் பத்திப் பேசலாம்."

பிப்ரவரி 13, வியாழன்

வழி சொன்னேன். ஷிப்ட் மாறும் இரண்டு மணிக்கு, கையெழுத்துக்கு முன் பத்து நிமிடம். நான் அவர்கள் எழுதியதைப் பற்றிக் கேள்வி கேட்பேன். அடிப்பதும் திருத்துவதும் அவர்கள் கை. பிறகு எழுத்து மாறாமல் ஏற்றுவேன்.

தினகரன் சார் சரி என்றார். வரதன் அண்ணன் முடியாது என்றார்.

"அடிச்சு அடிச்சு எழுதினா, வரதனுக்கு இங்கிலீஷ் வராதுன்னு பேப்பரே சொல்லும். என் தப்ப நானே ஃபிரேம் போட்டு மாட்டணுமா?"

பிப்ரவரி 17, திங்கள்

முதல் பத்து நிமிடம். நேற்றெல்லாம் யோசித்து இலக்கணப் பெயர்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். கேள்வி ஒன்றுதான்: எப்படி இருக்கிறது என்று சொல்ல வருவது பொருளையா, நடந்த வேலையையா? பொருள் என்றால் சொல்லை அப்படியே விடலாம். வேலை என்றால் பெரும்பாலும் 'லி' சேரும்.

"அதாவது வேலைக்கு வால் உண்டு, பொருளுக்கு இல்ல" என்றார் ரசாக் பாய். "அப்ப வேகமா ஓடுச்சுன்னா ஃபாஸ்ட்லியா?"

"இல்ல பாய், ஃபாஸ்ட்டுக்கு வால் கிடையாது. ஹார்டுக்கு வால் வெச்சா அர்த்தமே மாறிடும்."

"மாறி?"

"ஆள் சோம்பேறி ஆயிடுவான்."

ரசாக் பாய் சிரித்ததில் மூக்குக் கண்ணாடி கழன்றது. வரதன் அண்ணன் தள்ளி நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரசாக் பாயின் தாளில் 'ஃபிட் டைட்' என்று இருந்தது. "இதுக்கு வால் வேணும்" என்றேன். போர்டில் 'ஃபிட்டட் டைட்லி' என்று எழுதினேன்.

"தப்பு." தள்ளி நின்ற இடத்திலிருந்து வரதன் அண்ணன். "டைட்டா மாட்டினான்னு அவரு சொல்லல. ஓட்டைல சொருகற வளையம் கீதே, அந்த புஷ்ஷே டைட்டு. ஓட்டையவிட ஒரு நூல் பெருசு. அது ரிஜெக்ட் பீஸு. நீ எழுதறதப் படிச்சா கஸ்டமரு, சூப்பரா மாட்டிகீறான்னு நெனச்சிப்பான்."

பொருளா, வேலையா என்று கேட்கச் சொன்னவளே கேட்கவில்லை. போர்டில் அழிக்கப் போன கையை நிறுத்தி, ஒரே கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் 'தி புஷ் இஸ் டூ டைட்' என்று எழுதி, 'ஹே' என்று கையெழுத்து வைத்தேன்.

வரதன் அண்ணன் அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிப்ரவரி 19, புதன்

வரதன் அண்ணன் தாளில் ஒரு கோடு. அவரே அடித்தது. கையெழுத்து மட்டும் அரைப் பக்கத்துக்கு.

மார்ச் 5, புதன்

இப்போது சண்டையே நடக்கிறது. 'ஃபீல்ஸ் ரஃப்'பா, 'ரஃப்லி'யா என்று இருவரும் கேன்டீன் வரை கத்திக்கொண்டு போனார்கள். தொட்டால் சொரசொரப்பு, அது பொருளின் குணம் என்று வரதன் அண்ணன் ஜெயித்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை, தேவைப்படவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கிருஷ்ணப்பிரியா மேடம் வந்தார். இருபது தாள் உருவினார். தாளும் கம்ப்யூட்டரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அடித்த கோடுகளையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார்.

வரதன் அண்ணனிடம், "இந்த 'கேர்ஃபுல்'லை ஏன் அடிச்சீங்க?" என்றார்.

"செக் பண்ணது எப்படின்னு சொல்றேன் மேடம். அதனால வால் வெச்சேன்."

"வாலா?"

நான் விளக்கினேன். யாரும் கேட்காமலே, நானாக. மூன்று நிமிடம் பேசியிருப்பேன். அதில் ஒன்றரை நிமிடம் ஆங்கிலத்தில்.

குறை நீங்கியது என்று மேடம் தன் குறிப்பைக் கையால் எழுதி, படித்துப் பார்க்கச் சொல்லி வரதன் அண்ணனிடம் தந்தார். அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். ரசாக் பாயிடம் காட்டினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன்: 'தி டீம் ரெஸ்பாண்டட் குட்.'

ஐயோ, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன்.

"மேடம்," என்றார் வரதன் அண்ணன், ரொம்பப் பணிவாக. "நாங்க நல்லவங்கதான். ஆனா இங்க நீங்க சொல்றது நாங்க செஞ்சத. 'வெல்' வரணும். ஒரே கோடு போட்டு, பக்கத்துல சைன் பண்ணிடுங்க."

தினகரன் சாருக்கு முகம் வெளுத்தது. மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். ஒரே கோடு. கையெழுத்து. தேதியும் போட்டார்.

அப்புறம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததும் அறையே வெடித்தது. ரசாக் பாய் மேசையைத் தட்டினார். "மாமே, ஆடிட்டரையே அடிக்க வெச்சுட்டியே!"

மார்ச் 28, வெள்ளி

நிரந்தர வேலைக்கான கடிதம். வாங்கியதும் கேட்டேன்: "சார், அந்தப் பத்து நிமிஷம் எல்லா செக்‌ஷனுக்கும் வெச்சா என்ன?" நானேதான் கேட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இந்த வாரம் எங்கள் கம்பெனியின் அம்பத்தூர் யூனிட்டில் பத்து நிமிடம். இன்று மட்டும் மூன்று குழு, அறுபது பேர். கடைசி வரிசையில் இருந்தவர்கள் கேட்கவில்லை என்று மைக் கேட்டார்கள். மைக் வேலை செய்யவில்லை. பரவாயில்லை என்று அப்படியே தொடர்ந்தேன்.

எங்கள் ஊர் சேக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே குரல் போய்விட்டது. அம்மா கேட்டதற்கெல்லாம் கையைத்தான் ஆட்ட முடிந்தது.

வெந்நீரைக் கையில் கொடுத்து, "தொண்ட கட்டற அளவுக்கு அப்படி இன்னாத்தடி பேசிகினு கீற?" என்றாள்.