கழுத்தில் தெரியும் கடன்

செஞ்சி,
ஆவணி கடைசி ஞாயிறு

அன்புள்ள மகள் மஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் தம்பி பீமாராவும் நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்காலும் நைனாவின் கோபமும் மட்டும் அவ்வப்போது மக்கர் செய்கின்றன. நீ அந்த மஸ்கட் வெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்தால் ஒழுங்காகத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் இந்த வரியைப் படித்த கையோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ அழுகிறாய், நீ அழுதால் நானும் அழுகிறேன், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது. எதிர்வீட்டு ராஜாம்பாள் மகள் லீவு முடிந்து நாளை மறுநாள் உன் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிறாள், அவள் கையில் வறுத்த வேர்க்கடலையும் கறிவேப்பிலைப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தில் நான் பேசும்போது நீ குறுக்கே பேச முடியாது பார்.

நீ அனுப்பிய ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்து சேர்ந்தது. அதை என்ன செய்தேன் என்று கடைசியில் சொல்கிறேன், கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற உன் பழைய புத்தியைக் காட்டாமல் வரிசையாகப் படித்துவா. அது என்ன பணம் என்று எனக்குத் தெரியாதா? சென்னைக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. நர்சிங்குக்கு இடம் கிடைத்து, முப்பதாம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று நீ வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பீஸ் பணம். அதை எனக்கு அனுப்பிவிட்டு, படிப்பு எங்கம்மா ஓடிப்போவுது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம், மொதல்ல தாலிச் செயினை மீட்டுப் போட்டுக்க என்று ஒரு மெசேஜ். எல்லாம் அந்த மின்விசிறி செய்த வேலை. பொங்கலுக்கு அப்புறம் செயினை மறுபடி அடகு வைத்ததிலிருந்து வீடியோவில் உன்னோடு பேசும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் உட்காருவேன். அன்றைக்குக் காற்றில் முந்தானை நழுவி, வெறும் மஞ்சள் கயிறு உன் கண்ணில் பட்டுவிட்டது. நீ சட்டென்று போனை வைத்துவிட்டாய், மறுநாள் பணம் வந்துவிட்டது. அது சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை கண்ணு.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். நம் வீட்டில் இருக்கும் கடன்களிலேயே ரொம்பச் சாதுவான கடன் அந்தச் செயின்தான். கூட்டுறவுச் சங்கத்தில் அதை வைத்து வாங்கியது ஒரு லட்சம், மாதத்துக்குக் கணக்குப் போட்டால் வட்டி எண்ணூறு ரூபாய்கூட வராது. வீட்டுக்கு மாடிப்படி கட்டும்போது கூட்டு ரோடு பைனான்ஸ்காரரிடம் வாங்கியது அறுபதாயிரம்தான், ஆனால் அது அஞ்சு வட்டி, மாதம் பிறந்தால் மூவாயிரம் வைக்க வேண்டும், வைத்தாலும் அசல் அசையாது. எது நம்மைத் தின்கிறது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் நம்ம ஊரில் யார் அப்படிப் பார்க்கிறார்கள்? நாலு பேர் கண்ணில் படுவது கழுத்து. அதனால் கையில் நாலு காசு சேர்ந்ததும் ஓடிப்போய் நகையைத்தான் மீட்போம். போன தீபாவளிக்கு லாரி ஓட்டுகிற மில்லில் நைனாவுக்குக் கொடுத்த போனஸையும் நீ அனுப்பியதையும் சேர்த்து மீட்டோமே, என்ன ஆயிற்று? பொங்கல் கழிந்ததும் வட்டி கட்ட வழியில்லாமல் அதே செயினை அதே சங்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். மூன்று மாதம் கழுத்தில் மின்னியதற்கு அஞ்சு வட்டிக்காரருக்கு ஒன்பதாயிரம் அழுதோம். நீயும் வெள்ளைக் கோட்டு போட்ட நர்ஸாக இருந்தும் நம்ம ஊர்க்காரியாகவே யோசித்துவிட்டாய், கண்ணுக்குத் தெரிகிற புண்ணுக்கு மட்டும் மருந்து போடப் பார்த்தாய்.

இதற்கு நடுவில் ஆடி மாதம் தளவானூரில் உன் அத்தை மகள் இளவேனில் பெரிய மனுஷியானாள். நைனா தாய்மாமன் அல்லவா, தலைகால் புரியவில்லை. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், அம்பத்தோரு தட்டு, மோளம், வெடி, மோதிரம் அரை சவரன், எல்லாம் சேத்து எம்பது ரூபா ஆவும், பைனான்ஸ்ல கேட்டுட்டேன், தர்றேன்னுட்டாரு என்று. எண்பது ரூபாயாம், ஆயிரத்தை முழுங்கிவிட்டுச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் குழம்புச் சட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டேன். இருக்குற அறுபதுக்கே நாக்கு தள்ளுது, இன்னும் எம்பதா, என் பொணத்து மேல நடந்துபோய் வாங்கு என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, என் தங்கச்சி பொண்ணுக்கு நான் பிச்சக்காரன் மாதிரி போயி நிக்கணுமா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் வலித்தது. நாம் எங்கேயிருந்து வந்தோம், யார் யார் முன்னால் கை கட்டி நின்ற குடும்பம் என்று அவருக்குத்தான் தெரியும், அதனால்தான் அந்தத் தட்டுகள் அவருக்கு அவ்வளவு பெரிசு. இரண்டு மூன்று நாள் ஊறுகாய் வேண்டுமா என்றால்கூட பீமாராவிடம்தான் பதில் சொல்வார்.

நான் பார்த்தேன், இவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, வேரில் போய்க் கேட்போம் என்று லேடீஸ் ப்ரீ பஸ்ஸில் ஏறி தளவானூர் போய்விட்டேன். உன் அத்தை சுந்தராம்பாளின் வாய் உனக்குத் தெரியும், சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவள் காபி போடப் போனாள், நான் பின்னாலேயே அடுப்படிக்குப் போய் நின்று, சுந்தரா, எங்களால அஞ்சு தட்டுதான் முடியும், அதுக்கு மேலன்னா கடன்தான், நீ திட்டுறதுன்னா இப்பவே திட்டிடு என்று போட்டு உடைத்துவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பால் பொங்கி வழிகிறது, அதைக்கூட இறக்கவில்லை. அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுகிறாள். அண்ணி, அண்ணன் அம்பத்தொன்னு வெச்சா மஞ்சு கல்யாணத்துக்கு நான் நூத்தியொன்னு வெக்கணுமே, எங்க போவேன், அத நெனச்சி நெனச்சே தூக்கமில்லாம கெடக்குறேன் என்றாள். அட கடவுளே, நாங்கள் இங்கே கடன் வாங்கத் துடிக்கிறோம், அவள் அங்கே அதைத் திருப்பிச் செய்ய இப்போதே பயந்து கிடக்கிறாள். இரண்டு பேரும் அழுது முடித்துச் சிரித்தோம். உன் கல்யாணத்துக்கும் அதே அஞ்சு தட்டுதான் என்று பேசி முடித்தாயிற்று, நீ சண்டைக்கு வராதே. சாயங்காலம் அவளே நைனாவுக்குப் போன் போட்டு, அண்ணா, நீ வந்து நின்னாலே எனக்குச் சீருதான் என்றாளாம். அவர் வெளியே போய்க் கழுவி வைத்த லாரியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார், நானும் போய்க் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டுச் செலவையும் ஒரு பிடி பிடித்தேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் எண்ணெயையும் பருப்பையும் பிள்ளைக் கணக்குக்கு அளந்து போடுகிறவள், வீட்டில் பாட்டிலை அப்படியே கவிழ்த்துக்கொண்டிருந்தேன், இப்போது இங்கேயும் கரண்டிக் கணக்குதான். ரேஷன் பாமாயிலையும் துவரம் பருப்பையும் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவதில்லை. பஜாரில் வெங்கடரமணன் கடையில் கணக்கில் எழுதி எழுதி வாங்கினால் கை தாராளமாகப் போகிறது, வேண்டாத சேமியாவும் சோப்பும் கூடவே வந்துவிடுகிறது. இப்போது சம்பளம் வந்ததும் சாமான் பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு போய், காசு கொடுத்து, மாதத்துக்கும் சேர்த்து ஒரே தடவை வாங்கி வருகிறேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, இன்னாம்மா தைலம்மா, நீயே இப்படி மாறிட்டா என் கணக்கு நோட்டு பட்டினி கெடக்கும்போல இருக்குதே என்றார். கொஞ்ச நாளு விரதம் இருக்கட்டும் முதலாளி, உடம்புக்கு நல்லது என்றேன். தண்ணீர் காய வைக்கும் ராடைப் பரணில் போட்டாயிற்று, கரண்ட் பில் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. நைனா லோடு போகும்போது ஓட்டல் பரோட்டாவுக்குப் பதில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகிறார், முதல் வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், இப்போது கூட வரும் லோடுமேனுக்கும் ஒரு டப்பா கேட்கிறார். மகளிர் குழுக் கடன் வசூலுக்கு வரும் தம்பி, அக்கா நீங்க ஒழுங்கா கட்டுறீங்க, இன்னும் ஒரு அம்பதாயிரம் தர்றேன்க்கா என்று நிற்கிறான். ஒழுங்கா கட்டுனதுக்கு இதான் தண்டனையா தம்பி என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

இப்போது நல்ல சேதி. மாதா மாதம் வரும் உரிமைத்தொகை ஆயிரத்தைப் பள்ளிக்கூடத்து டீச்சர்களோடு சீட்டில் போட்டு வந்தேன் அல்லவா, அதை ஏலத்தில் கொஞ்சம் தள்ளுபடி விட்டு இந்த மாதம் எடுத்தேன். நைனா மிச்சம் பிடித்த பேட்டாவும், சீருக்காகச் சேர்த்து வைத்திருந்ததும் கூடச் சேர்ந்தது. அறுபதாயிரத்தையும் கொண்டுபோய் வைத்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தை நைனா கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தோம். அஞ்சு வட்டி ஒழிந்தது மஞ்சு! வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் நைனா எனக்கு முழுசாக ஒரு முழம் மல்லி வாங்கிக் கொடுத்தார், இதுக்கு மட்டும் கணக்கு கேக்காத என்றார். இனிமேல் அந்த மூவாயிரம் குழுக் கடனுக்குப் போகும், கார்த்திகையில் அது முடியும். பீமாராவின் பைக் தவணை மார்கழியில் முடிகிறது. அதற்கப்புறம் எல்லாமே செயினுக்குத்தான். உன் சம்பளம் நின்றால் வீடு என்னாகும் என்றுதானே நீ பயப்படுகிறாய்? நேற்று பீமாராவே சொன்னான், அக்கா படிக்கட்டும்மா, ரெண்டு வருஷத்துக்கு கேஸு, கரண்ட்டு, மளிகை எல்லாம் என் தலையில என்று. திண்டிவனம் கம்பெனியில் சேர்ந்த பிறகு பையனுக்கு மீசையோடு பொறுப்பும் முளைத்திருக்கிறது. வருஷம் திரும்புவதற்குள் நாங்களே மீட்டுவிடுவோம், கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் தலை போகாது.

போன வியாழக்கிழமை தளவானூரில் சடங்கு நல்லபடியாக நடந்தது. புடவை, பூ, பழம், இனிப்பு, வளையல், அவ்வளவுதான் நம்ம சீர். மோதிரத்துக்குப் பதிலாக இளவேனில் படிப்புக்கென்று தபால் ஆபீஸில் அவள் பெயருக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார் நைனா. புடவைத் தட்டை யாரிடமும் கொடுக்காமல் அவரே தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார், அந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். சும்மா இருப்பாளா நம்ம சொந்தக்காரி விருத்தாம்பாள், பந்தியில் நாலு பேர் காதில் விழும்படி, இன்னாடி தைலம், பொண்ணு வெளிநாட்டுல சம்பாதிக்குறா, உன் கழுத்து இப்படி வெறிச்சோடிக் கெடக்குதே என்றாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நிமிர்ந்து, செயினு சங்கத்துல பத்திரமா இருக்குது, பொண்ணு மேல படிக்கப் போறா, அதுக்குத்தான் என்றேன். பக்கத்து இலையில் இருந்த ஒருத்தி மெதுவாக என் பக்கம் சாய்ந்து, என்னுதும் அங்கதான்க்கா இருக்குது, இது கவரிங்கு என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ஆகையால் மஞ்சு, நீ அனுப்பிய பணத்தில் ஒரு ரூபாயைக்கூட நான் தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பேங்குக்குப் போய், இங்கே உன் பேரில் இருக்கும் கணக்கிலேயே முழுவதையும் திரும்பப் போட்டுவிட்டேன், சலான் இந்தக் கவரில் இருக்கிறது. முப்பதாம் தேதி வரை காத்திருக்காமல் இதைப் படித்த அன்றே பீஸைக் கட்டு. மறுபடி எனக்கு அனுப்பினால் மறுபடி திருப்பிப் போடுவேன், பேங்கில் சலானுக்குப் பஞ்சமில்லை. அங்கே கார்டில் கடன் கொடுக்கிறார்கள் என்று எதிலும் கையெழுத்துப் போடாதே, புறப்படும்போது சாக்லேட்டும் சென்ட்டும் தூக்கிக்கொண்டு வராதே, நீ வந்தால் போதும்.

அங்காளம்மன் துணையில் நீ நோய் நொடி இல்லாமல், நினைத்த படிப்பைப் படித்து நன்றாக இருக்க வேண்டும். சடங்கு வீட்டில் எடுத்த போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன், நானும் நைனாவும் நிற்பது. அதில் என் கழுத்தைப் பார்க்காதே, முகத்தைப் பார். செயினை மீட்டதும் நானாகப் போட்டுக்கொள்ள மாட்டேன், எடுத்து வைத்திருப்பேன். ஒரு சனிக்கிழமை காலேஜ் விட்டதும் சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்து நீதான் என் கழுத்தில் போட வேண்டும்.

பீஸ் கட்டிய ரசீதை பீமாராவ் போனுக்கு அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
இ. தைலம்மாள்